ரிக்மோருக்காக வாங்கிய கொடிக்கயிறு

ஓர்ஹூஸ்,
4 மார்ச் 2012

மெட்டா அக்காவுக்கு,

போனில் பேசலாம்தான். ஆனால் நம் வீட்டில் போன் என்பது சாவுச் செய்திக்கும் ரயில் நேரத்துக்கும் மட்டும். அதுவும் நகராட்சி அலுவலகத்தில் நாள் முழுக்க போன் எடுத்தே பிழைக்கிறவள் நான். அதனால் கடிதம்.

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து "நீதான் என்னை இப்படி ஆக்கின" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். மயக்க மருந்து மேல் பழியைப் போடலாம் என்று பார்த்தேன். ஆனால் மயக்கம் தெளிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சொன்னது தப்பு. முழுசாகத் தப்பா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. ஆபரேஷனுக்கு முந்தைய நாள்தான் உன்னிடம் சொன்னேன், அதுவும் தப்புதான். முன்னாலேயே சொல்லியிருந்தால் நீ ரயில் ஏறி வந்து என்னைத் திருப்பி அழைத்துப் போயிருப்பாய்.

என்ன செய்தார்கள் என்று நீ கேட்கவே இல்லை, நானே சொல்கிறேன். வயிற்றை வெட்டி ஒரு கோழிமுட்டை அளவுக்கு மட்டும் விட்டுவைத்து, குடலை எடுத்து அதில் இணைத்திருக்கிறார்கள். இப்போது சூப்பை டீஸ்பூனில் குடிக்கிறேன். ஆறு ஸ்பூன் போனால் வயிறு நிறைந்துவிடுகிறது. வயிறுதான் நிறைகிறது, தலை நிறையவில்லை. ஐம்பத்து நான்கு வருடமாகப் பசி எங்கே இருந்தது என்றே இப்போது குழப்பமாக இருக்கிறது.

நீ அனுப்பிய பிஸ்கட் டப்பாவைத் திருப்பி அனுப்புகிறேன். ஏழு வகையும் நர்ஸ்கள் சாப்பிட்டார்கள். ஏலக்காய் பிஸ்கட்டுக்கு ஒருத்தி செய்முறை கேட்டாள். வயிற்றை வெட்டிக்கொண்டு கிடப்பவளுக்கு யாராவது பிஸ்கட் அனுப்புவார்களா, அக்கா? ஆனால் டப்பாவைத் திறந்து ஒரு முறை மோந்து பார்த்தேன்.

ஊரில் யாராவது கேட்டால் உனக்குத் தோன்றியதைச் சொல்லிக்கொள்.

ரிக்மோர்


ஓஸ்டர்பி,
12 மார்ச் 2012

ரிக்மோர்,

டப்பா வந்தது. காலியாக வந்தது. நம் ஊரில் யாரும் டப்பாவைக் காலியாகத் திருப்ப மாட்டார்கள். நான்கு முட்டையாவது, ஒரு பிடி பட்டாணியாவது போடுவார்கள். நீ பட்டணத்துக்குப் போய் முப்பது வருடம் ஆகிவிட்டது, சரி.

நீ எப்படி இருக்கிறாய் என்று அம்மா கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்று சொன்னேன். மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். அவள் மறதி கூடிக்கொண்டே போகிறது.

கடையில் தேயாவைப் பார்த்தேன். "ரிக்மோரு ரொம்ப நாளா ஊர்ப் பக்கமே வரலையே" என்றாள். "வயித்துல ஒரு ஆபரேஷன்" என்றேன். "அப்படியா" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் கையில் இருந்த பூத்தொட்டியை என் கூடையில் வைத்து, "இது உங்க வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளும் அவள் வீட்டுக்காரர் ஆஸ்முஸும் பக்கத்து வீட்டில் நாற்பது வருடமாக இருக்கிறார்கள், எனக்கு ஒரு பூ கொடுத்ததில்லை.

நீ போனில் சொன்னதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

அம்மாவுக்கு செப்டம்பர் எட்டாம் தேதி எண்பத்தைந்து. ஊர் மன்றத்தில் காபி மேசை போடுகிறேன். வழக்கப்படி முதலில் பன், பிறகு மெத்தென்ற கேக் ஏழு, பிறகு மொறுமொறுப்பான பிஸ்கட் ஏழு. மன்றத்தின் ஆட்கள் பட்டியல் கேட்கிறார்கள். வருவாயா, மாட்டாயா, ஒரு வார்த்தையில் எழுது.

மழை. வயலெல்லாம் தண்ணீர்.

மெட்டா


ஓர்ஹூஸ்,
17 ஜூன் 2012

மெட்டா அக்காவுக்கு,

ஒரு வார்த்தையில் எழுத முடியவில்லை, அதனால்தான் மூன்று மாதம்.

முப்பத்தாறு கிலோ போய்விட்டது. நூற்று நாற்பத்தெட்டிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு. எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள், நானும் சிரிக்கிறேன். ஆனால் பஸ்ஸில் என் பக்கத்து இடத்தில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தபோது பயந்துபோனேன். ஒருத்தரும் உட்கார்ந்ததில்லை. என்னமோ கேட்கப் போகிறார் என்று ஐந்து ஸ்டாப் காத்திருந்தேன். அவர் பேப்பர் படித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். தலைமுடி கொட்டுகிறது. கையில் சதை துணி மாதிரி தொங்குகிறது. கடைக் கண்ணாடியில் ஒருத்தி எதிரே வந்தாள், வழி விடலாம் என்று ஒதுங்கினேன். அது நான்தான்.

இன்னொரு குழப்பம். ஊரிலிருந்து எனக்குக் கார்டு வருகிறது. ஆஸ்முஸ் லில்லிப் பூ படம் போட்ட கார்டு அனுப்பியிருக்கிறார். உள்ளே "நாங்க எல்லாரும் உன்னையே நெனச்சுக்கிட்டிருக்கோம்" என்று எழுதியிருக்கிறார். என்னை "ஓஸ்டர்பியின் கலங்கரை விளக்கம்" என்று என் உருவத்தைக் கிண்டலடித்த அதே ஆஸ்முஸ். பாதிரியார் எழுதியிருக்கிறார். என்னோடு படித்த மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். உடம்பு இளைத்ததற்கு இவ்வளவு பாசமா?

இனி செப்டம்பர் விஷயம். போன வாரம் அலுவலகத்தில் ஒருவருக்குப் பிறந்தநாள். இரண்டு ஸ்பூன் ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். கால் மணி நேரத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது, வேர்த்து ஊற்றியது, கழிப்பறைத் தரையில் படுத்துக் கிடந்தேன். இனிப்பு நேராகக் குடலில் போய் விழுகிறதாம். உன் காபி மேசையில் ஒரு வகையைத் தொடாமல் விட்டாலே சுட்டவளுக்கு அவமானம். பதினான்கையும் தொடாமல் அத்தனை பேர் முன்னால் நான் எப்படி உட்காருவேன்?

வரவில்லை, அக்கா. அம்மாவிடம் நீயே சொல்.

ரிக்மோர்


ஓஸ்டர்பி,
1 ஜூலை 2012

ரிக்மோர்,

நீ வரவேண்டும்.

யோசித்துப் பார்த்தேன். உன் டாக்டர் கொஞ்சமாகத்தானே சாப்பிடச் சொன்னார். எல்லாவற்றையும் உனக்காகச் சின்னதாகச் சுடுகிறேன். தையல் போடும்போது விரலில் மாட்டும் தொப்பி இருக்கிறதே, அதை வைத்து வெட்டினால் பிஸ்கட் ஒரு பட்டன் அளவுக்கு வருகிறது. ரை தானிய ரொட்டி கேக்கும் மூன்று அடுக்காக வருகிறது, கிரீமைத் தீக்குச்சியால் தடவ வேண்டியிருக்கிறது. சுட்டுப் பார்த்துவிட்டேன். முதல் தட்டு கருகிவிட்டது, இரண்டாவது சரியாக வந்தது.

மன்றத்தில் அப்பா உனக்காகச் செய்த ஓக் பெஞ்ச் அப்படியே இருக்கிறது. சர்ச்சில் உன் பதினான்கு வயது உறுதிபூசுதல் முடிந்த விருந்தில் நாற்காலி உடைந்து எல்லோரும் சிரித்த மறுநாள் அவர் பட்டறையில் உட்கார்ந்து செய்தது. ஆஸ்முஸ் அதற்கு எண்ணெய் போட்டிருக்கிறார். யாரும் கேட்கவில்லை, அவராகவே போட்டார்.

ஊரில் எல்லோரும் ஒரு மாதிரி இருக்கிறார்கள். பாதிரியார் கூப்பிடாமலே காபிக்கு வந்தார். ரிக்மோருக்கு எந்தக் கீர்த்தனை பிடிக்கும் என்று கேட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. சொல்லிவிட்டேன்.

அம்மா தினமும் உன்னைக் கேட்கிறாள். வரவில்லை என்று அவளிடம் என்னால் தினமும் சொல்ல முடியாது.

ரயில் நேரம் தனியாக எழுதி வைத்திருக்கிறேன், உறையிலேயே இருக்கிறது.

மெட்டா


ஓர்ஹூஸ்,
11 செப்டம்பர் 2012

மெட்டா,

இந்த முறை அக்கா போட மனம் வரவில்லை.

நான் பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன். என் தலையிலேயே இது இன்னும் வரிசைக்கு வரவில்லை.

மன்றத்துக்குள் நுழைந்தேன். அறுபது பேரும் எழுந்து நின்றார்கள். அம்மாவின் பிறந்தநாளுக்கு, அம்மா வந்தபோது யாரும் எழவில்லை. தேயா ஓடி வந்து கட்டிக்கொண்டு அழுதாள். நான் புதுச் சட்டை நன்றாக இருக்கிறது என்று சொல்வாளா என்று காத்திருந்தேன். ஆஸ்முஸ் என் கோட்டை வாங்கி மாட்டினார், கையைப் பிடித்து பெஞ்ச் வரைக்கும் கூட்டிப் போனார். ஒருத்தரும் ஒரு கிண்டல் செய்யவில்லை. பெரிய மனுஷங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த மாதிரி எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள்.

அந்த பெஞ்சில் நான் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் இடம் மிஞ்சியது. சதை போனதால் ஓக் கட்டை எலும்பில் குத்துகிறது, அது வேறு. அம்மா என் எதிரே உட்கார்ந்து, "இந்த அம்மா யாரு? எங்க ரிக்மோரு இன்னும் வரலையா?" என்று கேட்டாள். எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். நானும் வாசலைத் திரும்பிப் பார்த்தேன், சத்தியமாக. அவள் வந்துவிடுவாள் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

நீ என் முன்னால் அந்தத் தட்டை வைத்தாய். பட்டன் அளவில் பதினான்கு. ஒன்றைக்கூட என்னால் வாயில் வைக்க முடியவில்லை, கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்து இங்கே ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். நீ பார்த்திருப்பாய். 

பிறகு எல்லோரும் எழுந்து பாடினார்கள். அம்மாவின் பாட்டு இல்லை, நீ பாதிரியாரிடம் சொன்ன என் கீர்த்தனை.

கிளம்பும்போது ஆஸ்முஸ் வாசலில் நிறுத்தினார். "வலி இருக்கா?"

"இல்லையே" என்றேன்.

"அது பெரிய விஷயம். எங்க அண்ணனுக்குக் கடைசி மாசம் பூரா வலி."

நான் நன்றி சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். கோல்டிங் ஸ்டேஷன் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் இருந்த பெண் என்ன ஆச்சு என்று கேட்டாள். "நான் சாகப் போறேன்னு ஊர்ல நெனச்சுக்கிட்டிருக்காங்க" என்றேன். அவள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டாள்.

அவர்களிடம் என்ன சொன்னாய், மெட்டா?

ரிக்மோர்


ஓஸ்டர்பி,
7 அக்டோபர் 2012

ரிக்மோர்,

வயித்துல ஒரு ஆபரேஷன் என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். மீதியை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். நம் ஊரில் யாரும் என்ன வியாதி என்று நேராகக் கேட்க மாட்டார்கள், கேட்டால் மரியாதை இல்லை. நானும் நேராகச் சொல்ல மாட்டேன். அப்படித்தான் நீ சாக ஆரம்பித்தாய்.

எனக்கு எப்போது தெரியும் என்று கேட்பாய். பாதிரியார் வந்த அன்றே தெரியும். கீர்த்தனை என்ன என்று கேட்டுவிட்டு அவர் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். அப்போதே சொல்லியிருக்கலாம். "அவளுக்கு ஒண்ணும் இல்ல, இளைக்கறதுக்காக வயித்தைக் கத்திரிச்சிருக்காங்க" என்று ஒரே வரி. காபி ஊற்றிக்கொண்டே இருந்தேன். கோப்பை வழிந்துவிட்டது.

உன்னைப் பற்றி எனக்கு வெட்கம் என்று நீ நினைத்திருப்பாய். அது இல்லை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் கல்யாணம், சாவு என்றாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், என் மேசைதான் மேசை. அந்த மேசைக்காரியின் தங்கைக்கு வயிற்றை வெட்ட வேண்டி வந்தது என்று தெரிந்தால் எல்லோரும் யாரைப் பார்ப்பார்கள்? நீ போனில் சொன்னதைத்தான் அவர்களும் சொல்வார்கள். நீ ஒருத்தி சொன்னதையே என்னால் தாங்க முடியவில்லை.

பட்டன் கேக் சுட்டதும் அதற்குத்தான். நீ ஒன்றாவது தின்றால் என் மேல் தப்பில்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். உனக்கு ஆகாது என்று நீ எழுதியிருந்தாய். படித்தேன். படித்துவிட்டுத்தான் சுட்டேன்.

அதற்குப் பிறகு அடுப்புப் பற்றவைக்கவில்லை. நம் ஊர்ப் பள்ளிக்கூட விழாவுக்குக் கடை கேக் வாங்கினார்கள். நான் வருத்தத்தில் இருக்கிறேன் என்று பேசிக்கொள்கிறார்கள். அதுவும் உனக்காகத்தான் என்று.

என்ன செய்யட்டும்?

மெட்டா


ஓர்ஹூஸ்,
4 நவம்பர் 2012

அக்கா,

உன்மேல் ஒரு மாதம் கோபமாக இருந்தேன். தொண்ணூற்றாறு கிலோ இருக்கிற பெண்ணால் கோபத்தை அவ்வளவு நாள் தூக்க முடியவில்லை.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. சாகிறவளாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. இருபது வருடமாக முழங்கால் வலி. ஊருக்கு வரும்போது மாடிப்படியில் மூச்சு வாங்கி நிற்கும்போதெல்லாம் ஆஸ்முஸ் பின்னால் வந்து, "என்னம்மா, ரயில் நிக்குதா?" என்பார். வலி இருக்கா என்று அவர் கேட்டது அன்றுதான் முதல் தடவை. அதைக் கேட்க நான் சாக வேண்டியிருந்தது. பிழைத்துவிட்டேன் என்று தெரிந்தால் அவர் மறுபடி கேட்பாரா, மாட்டாரா? எனக்குத் தெரியவில்லை. பழைய ரிக்மோரை அவர்களுக்குப் பிடிக்காது, இந்தப் புது ரிக்மோரை யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது. காலையில் எழுந்ததும் யார் என்று யோசித்துவிட்டுத்தான் பல் விளக்குகிறேன்.

போனில் சொன்னது. அதற்கு வருவோம். நீதான் என்னை இப்படி ஆக்கினாய் என்றேன். இத்தனை மாதம் பசியே இல்லாமல் உட்கார்ந்து யோசித்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மற்ற வீடுகளில் என் தட்டை எண்ணினார்கள். மூன்றாவது துண்டா என்று கண்ணாலேயே கேட்டார்கள். அப்பாகூட, பாவம், பெஞ்ச் செய்து தந்தவர்தான், வெண்ணெயை என் கைக்கு எட்டாமல் தள்ளி வைப்பார். நீ ஒருத்திதான் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாய். பார்க்கவே மாட்டாய். அதனால்தான் உன் கேக்கைத் தின்றேன். அதனால்தான் உன்மேல் பழியும் போட்டேன். இரண்டும் உண்மைதானா? இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்கும்?

நான் சாகவில்லை என்று அவர்களிடம் சொல். எதற்காக வெட்டினார்கள் என்றும் சொல், அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லாதே. சிரித்தால் சிரிக்கட்டும்.

நான் வந்து சொல்ல மாட்டேன். இது உன் மேசை.

ரிக்மோர்


ஓஸ்டர்பி,
10 டிசம்பர் 2012

ரிக்மோர்,

சொல்லிவிட்டேன். நேற்று மன்றத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்திய காபியின்போது. பன் முடிந்து கேக் வருவதற்கு முன்னால் எழுந்து நின்றேன். என் கேக் இல்லை, கடை கேக்தான்.

"ரிக்மோரு சாகலை. அவளுக்குப் புத்துநோய் இல்ல. உடம்பு இளைக்கறதுக்காக வயித்தை வெட்டிக்கிட்டா. எனக்கு ஜூன் மாசத்திலேர்ந்தே தெரியும், நீங்க தப்பா நெனச்சுக்கிட்டிருக்கீங்கன்னு. சொல்லலை. என் கேக்காலதான் அவ இப்படி ஆனான்னு சொல்லுவீங்கன்னு பயந்தேன்."

காபிக் கெண்டியிலிருந்து ஆவி போவது கேட்டது. கடைசியில் ஆஸ்முஸ், "அப்ப அவ சாகலையா?" என்றார்.

"இல்ல."

"கொடிக்கம்பத்துக்குப் புதுக் கயிறு வாங்கி வச்சேனே. சாவுக்குக் கொடிய அரைக்கம்பத்துல ஏத்தினா பழசுல நிக்காம வழுக்குதுன்னு." காபியில் ஒரு வாய் குடித்தார். "பரவாயில்ல. பொறந்த நாளுக்கு உச்சி வரைக்கும் ஏத்தலாம், கயித்துக்கென்ன தெரியும்."

தேயாவுக்குத்தான் கோபம். "நான் அழுதேனே, மெட்டா. எங்க அம்மாவுக்குக்கூட அவ்வளவு அழலை" என்றாள். நான் என்ன சொல்வது, மன்னிப்புக் கேட்டேன். பிறகு பின்வரிசையிலிருந்து ஒருத்தர், "உன் கேக்க நாங்களுந்தான் தின்னோம். இந்தக் கடை கேக்கு மரத்தூள் மாதிரி இருக்கு, அதுக்கு எப்ப முடிவு?" என்றார். சிரித்தார்கள். என்னைப் பார்த்தா, உன்னைப் பார்த்தா, கேக்கைப் பார்த்தா என்று எனக்குப் புரியவில்லை.

பாத்திரம் கழுவும்போது தேயா பக்கத்தில் வந்து நின்றாள். கோபம் போகவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "அந்த ஆபரேஷன் செஞ்சா முழங்கால் வலி போகுமா?" என்றாள். அவள் உடம்பு உனக்குத் தெரியும். நாற்பது வருடத்தில் அவள் நேராகக் கேட்ட முதல் கேள்வி. உன் விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று. மன்றத்தில் பெஞ்சை என்ன செய்வது என்று கேட்கிறார்கள். இனி உனக்கு அது வேண்டியிருக்காது, கொட்டகையில் போடலாம் என்கிறார்கள். ஆஸ்முஸ் வேண்டாம் என்கிறார். எண்ணெய் போட்டவர் அவர். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அது உன் பெஞ்ச்.

இன்று காலை அடுப்புப் பற்றவைத்தேன். என்ன சுடுவது என்று தெரியாமல் அணைத்துவிட்டேன்.

மெட்டா


ஓர்ஹூஸ்,
13 ஜனவரி 2013

அக்கா,

தேயா எழுதிவிட்டாள். நான்கு பக்கம். இரண்டு பக்கம் திட்டு, இரண்டு பக்கம் கேள்வி. இரண்டுக்கும் பதில் எழுதியிருக்கிறேன். வெட்டினால் முழங்கால் வலி குறையும், மற்றது எதுவும் எனக்கே இன்னும் பிடிபடவில்லை என்று.

பெஞ்சைக் கொட்டகையில் போட விடாதே. என் பழைய பச்சைக் கோட்டைப் பிரித்துவிட்டேன். அந்தக் கோட்டுக்குள் இப்போது என் மாதிரி இரண்டு பேர் போகலாம். அதில் ஒரு நீள மெத்தை தைத்திருக்கிறேன், உள்ளே பஞ்சு. பெஞ்சின் அளவு எனக்கு நினைவில் இருந்தது, நாற்பது வருடம் உட்கார்ந்தவள் இல்லையா. நான் எண்பத்தெட்டு கிலோ. நீ அன்றும் இன்றும் ஐம்பத்தெட்டு. கூட்டிப் பார், நான் ஒருத்தியாக உட்கார்ந்ததைவிடக் குறைவுதான். தாங்கும்.

பிப்ரவரி இரண்டாம் தேதி என் பிறந்தநாளுக்கு வருகிறேன். கொடி ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று ஆஸ்முஸிடம் சொல். அம்மா இந்த அம்மா யார் என்று கேட்டால், நீ பதில் சொல்லாதே. நானே சொல்லிப் பார்க்கிறேன்.

இத்துடன் ஒரு டப்பா அனுப்புகிறேன். காலியாக இல்லை. உள்ளே இருப்பது நீ சுட்ட பதினான்கு பட்டன்கள். இல்லை, பன்னிரண்டு. டிசம்பரில் ஒன்று தின்றேன், தரையில் படுத்துக்கொண்டேன். ஜனவரியில் ஒன்று தின்றேன், ஒன்றும் ஆகவில்லை. ஏன் என்று டாக்டருக்கும் தெரியவில்லை.

என்ன சுடுவது என்று குழம்பாதே. ஏலக்காய் பிஸ்கட் சுடு, வழக்கமான அளவில். நான் தின்பேனா, மாட்டேனா என்று எனக்கே தெரியாது. நீ பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார். தட்டை என் முன்னால் வை. வைத்துவிட்டு, எப்போதும் போல, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்.

ரிக்மோர்